பல் பிடுங்கிய கேசட்

"ஆன்ட்டி, நீங்க சும்மா வந்து உக்காந்திருந்தா போதும்" என்று நவீன் கூப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சும்மா உட்காருகிறவளை யாரும் ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரச் சொல்ல மாட்டார்கள்.

நவீனும் அவன் கூட்டாளிகளும் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள். எல்லாரும் வேலைக்குப் போகிற பிள்ளைகள்தான். சம்பளத்தை எல்லாம் இந்தக் குப்பையில் கொட்டுகிறான் என்று அவனுடைய அம்மா என்னிடம் புலம்பியிருக்கிறாள். தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, பந்தி மேசைகள் மேல் வெள்ளைத் துணி விரித்து, எண்பதுகளின் மெஷின்களைத் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தவர்களில் பாதிப் பேர் அந்த மெஷின்கள் செத்த பிறகு பிறந்தவர்கள்.

அந்த மெஷின்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெளியே தெரிவது கீபோர்டு மட்டும்தான். கம்ப்யூட்டர் அதற்குள்ளேயே இருக்கும். திரைக்கு வீட்டு டிவி. சுவிட்சை அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் எழுதிய புரோகிராமைச் சத்தமாக மாற்றி, பாட்டுக் கேட்கிற சாதாரண கேசட்டில் பதிந்துகொள்வோம். மறுபடி வேண்டுமென்றால் டேப் ரிக்கார்டரை வயரால் இணைத்துக் கேசட்டை ஓடவிட வேண்டும். வயரைப் பிடுங்கிவிட்டுக் காதால் கேட்டால், யாரோ மூச்சு விடாமல் கீச்சுக் குரலில் அலறுவது போலிருக்கும்.

நவீன் ஒரு அட்டைப்பெட்டியை என் முன்னால் வைத்தான். "சிவக்குமார் சார் பையன் குடுத்தாருங்க ஆன்ட்டி. அப்பா சேத்து வெச்சதாம். எது ஓடும், எது ஓடாதுன்னு பாத்துச் சொல்லுங்க."

பெட்டி நிறையக் கேசட்டுகள். கிளறிக்கொண்டே வந்தவள் ஒன்றைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டேன். அதன் முதுகு ஓரத்தில் செலோ டேப் துண்டு ஒன்று மஞ்சளாகிச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டியவள் நான்.

"என்னங்க ஆன்ட்டி, ஷாக் அடிச்ச மாதிரி பாக்கறீங்க?"

"இரு, முதல்ல ஒரு டீ வாங்கிட்டு வா" என்று அவனை அனுப்பிவிட்டேன். அவன் வருவதற்குள் எனக்குக் கம்பைநல்லூர் வீடு, சிவப்புக் கட்டை, அந்த அம்மாவின் குரல் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டன. பிள்ளைகளிடம் அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி பிரிவில் நான் ஒருத்திதான் பெண். "பொட்டி ரிப்பேர் பண்ற பொண்ணை எவன் கட்டுவான்?" என்று அப்பா கேட்டார். எங்களுடையது கேழ்வரகு விதைத்த குடும்பம், அவருக்கு வேறெப்படித் தோன்றும்? கட்டினவர் ஒருவர் கிடைத்தார். இன்றுவரை அவர் எங்கள் வீட்டு மிக்ஸியைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. படிப்பு முடித்ததும் தர்மபுரியில் காதர் பாய் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. தொழில் தெரிந்தது பாய் கடையில்.

பாய் எந்த டிவியையும் உடனே திறக்க மாட்டார். முதலில் பின்பக்கம் குனிந்து மோந்து பார்ப்பார். பிறகு சவுண்டைக் குறைத்துவிட்டு, ஓடுகிற செட்டின் மேல் புறங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அதற்குப் பிறகுதான் வாடிக்கையாளரிடம், "இது கெட்டுப் போறதுக்கு முன்னாடி வூட்ல என்னாச்சு?" என்று கேட்பார். மழை பெய்ததா, எலி வந்ததா, மருமகள் கோபத்தில் பிளக்கைப் பிடுங்கினாளா, எல்லாம் வெளியே வந்துவிடும். எந்தச் செட்டையும் கெட்டுப்போச்சு என்று சொல்ல மாட்டார். "அலுத்துப் போயிருக்குது" என்பார்.

கரண்டு ஓடுகிற செட்டுக்குள் கைவிடும்போது அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கையால் மட்டும் வேலை செய்வார், இன்னொன்றைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வார். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்டு நெஞ்சு வழியாகப் பாயும் என்பது கணக்கு. எனக்குச் சட்டைப்பை கிடையாது. இடது கையால் முதுகுப் பக்கம் முந்தானையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இன்றைக்கும் கேஸ் அடுப்பு பற்றவைக்கும்போதுகூட என் இடது கை தானாகப் பின்னால் போய்விடுகிறது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எங்களைத் தேடி வந்தது. பேருந்து நிலையம் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கூடுவார்கள். கூட்டத்துக்குத் தலைவர் சிவக்குமார். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர், நல்ல மனுஷர், பைத்தியம் என்றால் இது ஒன்றுதான். அப்போது ஆபீஸ்களுக்குப் பெரிய கம்ப்யூட்டர் வர ஆரம்பித்துவிட்டதால், துபாய், சிங்கப்பூர் போனவர்கள் ஆசையாகக் கொண்டுவந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பரணுக்குப் போய்விட்டன. சிவக்குமார் பரண் பரணாக ஏறி அவற்றை இறக்கினார். பெண் பார்க்கப் போன வீட்டில் பரணைப் பார்த்துவிட்டுப் பெண்ணைப் பார்க்காமல் வந்துவிட்டார் என்று கூட்டத்தில் அவரைக் கிண்டல் செய்வார்கள்.

ஞாயிறு காலையில் டைப்ரைட்டர்களை ஓரம் கட்டிவிட்டு மெஷின்களை வைப்பார்கள். யாருடையது முதலில் திரையில் படம் காட்டுகிறது என்று போட்டி நடக்கும். ஒன்றிலும் படம் ஒழுங்காக வராது. டிவியை மெஷினின் சேனலுக்கு இழுத்துக் கொண்டுவரத்தான் நாங்கள். பாய் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "டிவி நம்மளுது, கீபோர்டு அவங்களுது. நீ நம்மளுதை மட்டும் பாரு" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

அந்தக் கூட்டத்துக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. எல்லாப் புரோகிராமும் ஒரே மாதிரி அலறுவதால், கேசட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் பதிவதற்கு முன் வயரைக் கழற்றிவிட்டு, ப்ளே கட்டையையும் சிவப்பு ரிக்கார்டு கட்டையையும் சேர்த்து அமுக்கி, வாயால் அதன் பெயரைச் சொல்வார்கள். பிறகு வயரை மாட்டிப் புரோகிராமைப் பதிவார்கள். டேப்பை நம்ப முடியாது என்பதால் ஒரே புரோகிராமை நாலைந்து தடவை பதிவதும் உண்டு. ஒவ்வொரு தடவையும் பேச்சு, அலறல், பேச்சு, அலறல் என்று போகும்.

இரண்டாவது வழக்கம் பல் பிடுங்குவது. கேசட்டின் முதுகில் ஓரமாகச் சின்னப் பிளாஸ்டிக் பல் ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் சிவப்புக் கட்டை இறங்காது. தெரியாத்தனமாக யாரும் மேலே பதிந்து அழித்துவிட முடியாது. சேகரிப்புக்குள் ஒரு கேசட் வந்தால் அதன் பல்லை உடைத்துவிட்டுத்தான் சிவக்குமார் பெட்டிக்குள் வைப்பார்.

கம்பைநல்லூர் தெரசம்மாவின் வீட்டிலிருந்து அவருக்கு ஒரு மெஷின் கிடைத்தது. தெரசம்மாவுக்குக் கணவர் இல்லை, ஒரே மகன் பெனடிக்ட். பெனி என்றுதான் கூப்பிடுவார்கள். துபாயில் ஒர்க் ஷாப் வேலை. லீவில் வந்தபோது அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, இருந்த நாள் முழுக்க அதன் முன்னாலேயே உட்கார்ந்து ஒரு விளையாட்டுச் செய்திருக்கிறான். ஒகேனக்கல் பரிசல் ஒன்று பாறைகளில் மோதாமல் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். அதை டேப்பில் பதிந்து வைத்துவிட்டுத் திரும்பப் போனவன், அங்கே வேலையில் விபத்து நடந்து இறந்துபோனான். அடக்கமும் அங்கேயே ஆகிவிட்டது. இங்கே மாதா கோயிலில் பூசை மட்டும் வைத்தார்கள். அந்த அம்மா மகன் முகத்தைப் பார்க்கவில்லை.

மெஷினைத் தெரசம்மா தாராளமாகக் கொடுத்துவிட்டார். கேசட்டையும் டேப் ரிக்கார்டரையும் மட்டும் தரவில்லை. சிவக்குமாருக்குத் தூக்கம் போய்விட்டது. பெங்களூரில் இவர்களைப் போன்றவர்கள் பெரிய அளவில் கூடி மெஷின்களைக் காட்டப் போகிறார்கள், எல்லாரும் வெளிநாட்டு விளையாட்டுதான் கொண்டுவருவார்கள், நம் ஊர் ஆள் செய்த நம் ஊர்ப் பரிசலைத் தான் காட்ட வேண்டும் என்று அவருக்கு வெறி. "சிஸ்டர், நீங்க பொம்பளை. அதோட அவங்களும் உங்களை மாதிரி கிறிஸ்டியன். ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்று என்னை அனுப்பினார்.

மத்தியான வெயிலில் கம்பைநல்லூரில் பஸ் விட்டு இறங்கினேன். தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் வழி கேட்டதும் அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"தெரசா வூட்டுக்கா? இப்பப் போவாதீங்க. மத்தியானமானா அது செத்துப்போன பையனோட பேசிக்கிட்டிருக்கும். அவனும் பேசறான், எங்க காதால கேட்டிருக்கோம். நடு நடுவுல ஒண்ணு அலறும் பாருங்க, எங்க வூட்டுக் கன்னுக்குட்டி முளைக்குச்சியப் புடுங்கிக்கிட்டு ஓடுது."

நான் பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை, டிவி கூட்டுக்குள் கைவிட்டவள். அலறல் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் அவனும் பேசுகிறான் என்றாளே, அது என்னவென்று பார்க்காமல் திரும்ப மனமில்லை.

நான் எதிர்பார்த்த மாதிரி தலைவிரி கோலமாக அங்கே யாரும் இல்லை. கூட்டி மெழுகிய வீடு. சுவரில் திரு இருதயப் படம். தெரசம்மா முறத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் ஸ்டூல் மேல் டேப் ரிக்கார்டர், பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. நான் அந்த நாற்காலியில் உட்காரப் போனபோது, "அதுல வேணாம் பாப்பா, இப்பிடி வா" என்று தரையில் விரித்திருந்த பாயைக் காட்டினார்.

கேசட்டை வாங்கிப்போக வந்திருக்கிறேன் என்றதும் அவர் கோபப்படவில்லை. எனக்கு மிஷினு தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

"அப்ப நீயே கேட்டுச் சொல்லு. போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் பேசினான். இப்ப இழுத்து இழுத்துப் பேசறான். ஒடம்பு முடியலையோ என்னமோ. எனக்கு வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியல."

ப்ளே கட்டையை அமுக்கினார்.

முதலில் தெரசம்மாவின் குரல் வந்தது. "பெனி, அம்மாடா." அதற்குப் பிறகு ஒரு ஆண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆழமாக, மெதுவாக. "ஒண்ணு. பரிசல். கொஞ்சம் இரு, வருது."

அலறல் வந்தது. பாதியில் அது வெட்டுப்பட்டு, டேப்புக்குள்ளிருந்து தெரசம்மா கேட்டார். "ஒடம்பு எப்பிடிடா இருக்குது?"

"ரெண்டு. நேத்தைக்கு இன்னைக்கித் தேவலை."

மறுபடி அலறல். மறுபடி அம்மா. "அங்க ஒன்னை நல்லா வெச்சிருக்காங்களா? எதனா தப்புத்தண்டா உண்டா?"

"மூணு. இதுல தப்பு ஒண்ணும் இல்லை."

"நேரத்துக்குச் சாப்டறியா கண்ணு?"

"நாலு. சாப்ட்டு வந்துதான் பாக்கணும்."

தெரசம்மா சட்டென்று நிறுத்தினார். "இதுக்கு மேல ஒண்ணு இருக்குது. அதை நான் போடறதில்ல. அதுல அவன் வேற மாதிரி பேசறான்."

என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. பெனி ஐந்து தடவை புரோகிராமைப் பதிந்து, ஒவ்வொன்றின் முன்னாலும் வழக்கப்படி தனக்காக ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறான். அவன் இரண்டு கட்டையையும் சேர்த்து அமுக்கிப் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அம்மா, அவன் போன பிறகு அதே மாதிரி அமுக்கி, அலறல் வருகிற இடத்தில் தான் பேசியிருக்கிறார். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று நாள்பட நாள்பட அவருக்கே அமைந்துவிட்டது. எல்லாம் புரிந்தும் அந்தக் காலி நாற்காலிப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஏன் நம்பர் சொல்றான்னு நெனைக்கிறீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வூட்டுக்கு வரதுக்கு நாள் எண்றான்" என்றார், கடலையை உரித்துக்கொண்டே.

குரல் இழுப்பது பெல்ட் தளர்ந்ததால்தான் என்றும், ரிக்கார்டருக்குள் ரப்பர் பெல்ட் ஒன்று உண்டு, மாற்றினால் சரியாகும் என்றும் சொன்னேன். "அப்ப அவனுக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார். "பெல்ட்டுதாங்க" என்று மறுபடி சொன்னேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. ரிப்பேருக்குக் கொடுப்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிவக்குமார் கேசட்டைப் போட்டுப் பார்த்து, வேறொரு கேசட்டில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளட்டும், திங்கட்கிழமை வந்துவிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். துணிப்பையில் வைத்துக் கொடுக்கும்போது, "வெயில்ல வெச்சிடாதே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்டிட்யூட்டில் நிற்க இடமில்லை. நான் பெல்ட்டை மாற்றி, டேப் உரசிப் போகிற ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து வைத்திருந்தேன். முதல் நாலும் மெஷினில் ஏறவில்லை, அம்மாவின் பேச்சு அவற்றை அரித்துவிட்டது. அவர் போடாத ஐந்தாவதைத் தேடிப் பிடித்தோம். "அஞ்சு. போதும். நிறுத்திடலாம்" என்றது பெனியின் குரல், இப்போது தெளிவாக, இளமையாக. வயரை மாட்டி, சவுண்டைக் கூட்டிக் குறைத்து, மூன்றாவது முயற்சியில் டிவி ஓரத்தில் கோடுகள் ஓட ஆரம்பித்தன. திரை ஒருமுறை கறுத்தது. பிறகு நீலத் தண்ணீர், பழுப்புப் பாறைகள், நடுவில் வட்டமாகப் பரிசல். கூட்டம் கைதட்டியது. சிவக்குமாருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு காப்பி எடுத்தோம். சரியாகப் பதிகிறதா என்று கேட்பதற்காக ஸ்பீக்கரைத் திறந்து வைத்திருந்தார்கள். அங்கேதான் கைதட்டல் எல்லாம் அடங்கிப்போனது. பெனியின் குரல் சரியாக வந்தது. கேள்வி கேட்ட குரல்தான் தெரசம்மாவுடையதாக இல்லை. சின்னப் பெண் ஒருத்தி, மெல்லிய குரலில் படபடவென்று, "நேரத்துக்குச் சாப்டறியா கண்ணு?" என்று கேட்டாள். "நாலு. சாப்ட்டு வந்துதான் பாக்கணும்" என்றான் பெனி.

தளர்ந்த பெல்ட்டில் மெதுவாக ஓடியபோது தெரசம்மா பதிந்த பேச்சு, சரியான வேகத்தில் ஓடும்போது மெலிந்து வேகமாகிவிடும். எனக்கு அது தெரியும், கூட்டத்துக்கும் சொன்னேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. இன்ஸ்டிட்யூட்காரர் எழுந்துபோய் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு வந்தார்.

நான் டிவியைக் கட்டிக்கொண்டிருந்தபோது சிவக்குமார் கேசட்டின் பல்லை உடைத்துவிட்டிருந்தார். "இனிமே அந்தம்மாவே நெனைச்சாலும் அழிக்க முடியாது சிஸ்டர். இருக்கற கொரலாவது மிஞ்சட்டும்" என்றார். நல்ல மனதோடுதான் செய்தார்.

திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். தெரசம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார். "தேறிட்டான் பாரு!" என்றார். தன் குரலைக் கேட்டபோது டேப்பைப் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை போட்டார். பிறகு, "எங்கப்பா வூட்ல இருந்தப்ப என் கொரல் இப்பிடித்தான் இருக்கும் பாப்பா. அவனுக்கு நான் இப்பிடித்தான் கேக்கறேன் போல" என்றார். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் கடையைத் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"செவப்புக் கட்டை எறங்க மாட்டேங்குது" என்றார். "அவனைப் பேச வுடறீங்க, என்னைப் பேச வுட மாட்டேங்கறீங்க. நான் என்னம்மா தப்புப் பண்ணேன்? நேத்து அவன் பேசப் பேச நான் வாயைத் தொறக்காம ஒக்காந்திருந்தேன். அம்மா கோவமா இருக்கான்னு நெனைச்சிருப்பானே!"

அழவில்லை. பிள்ளையை யாரோ பிடித்து வைத்துக்கொண்ட மாதிரி பயந்துபோயிருந்தார். பல்லைப் பற்றிச் சொன்னேன். ஓட்டையின் மேல் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டினால் கட்டை இறங்கிவிடும், அது ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவர் பேசப் பேச அந்த இடத்தில் இருப்பது அழியும். இதுவரை அழிந்தது அலறல். இன்னும் பேசினால் பெனியின் குரலும் அழிந்துவிடும். இதை ஒளிக்காமல் அவரிடம் சொன்னேன்.

ஒன்றும் புரியாதவளைப் பார்ப்பது போல அவர் என்னைப் பார்த்தார். "நான் பேசாம அவன் மட்டும் சொன்னதையே சொல்லிக்கிட்டிருந்தா, அது ரேடியோப் பொட்டிதானே பாப்பா? ரேடியோ கேக்கவா நான் ஒக்காந்திருக்கேன்?"

காதர் பாய் எழுந்து வந்தார். ரிக்கார்டரை வாங்கி மேசை மேல் வைத்தார். மோந்து பார்த்தார். புறங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றார். பேட்டரிகூடப் போடாத செட் அது.

"என்ன கம்ப்ளைண்ட்டு?" என்று என்னிடம் கேட்டார்.

"கட்டை எறங்கலை பாய்."

"எறங்க வெச்சுக் குடு."

"பாய், அந்தப் பையன் கொரல் போயிடும்."

"அந்த சார் கிட்டக் காப்பி இருக்குதில்ல? இது இந்தம்மாவோட பொருளு. இதுல என்ன இருக்கணும்னு நீயும் நானும் சொல்ல முடியாது."

செலோ டேப்பை வெட்டி ஒட்டினேன். முதல் துண்டு கோணலாகிவிட, இரண்டாவது ஒட்டினேன். பேட்டரி போட்டுக் கேசட்டை வைத்தேன். தெரசம்மா குனிந்து இரண்டு கட்டைகளையும் சேர்த்து அமுக்கினார். சிவப்பு இறங்கியது.

"பெனி, அம்மாடா. கட்டை கெட்டுப் போச்சுடா, அதான் பேசல" என்றார்.

டேப் பதிந்துகொண்டு ஓடியது. பதியும்போது ரிக்கார்டரிலிருந்து எந்தச் சத்தமும் வராது, வரவும் முடியாது. அந்த அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை தலையாட்டினார். "ம்" என்றார். பிறகு கட்டையை விட்டுவிட்டு, ரிக்கார்டரைப் பையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய இடது கை சட்டைப்பைக்குள் இருந்தது. எப்போது விட்டார் என்று தெரியவில்லை.

சிவக்குமாருக்கு விஷயம் தெரிந்ததும் என்னிடம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காப்பியை எடுத்துக்கொண்டு பெங்களூர் போனார். பரிசல் அங்கே நன்றாகப் பேர் வாங்கியதாம். தெரசம்மாவை நான் மறுபடி பார்க்கவில்லை. நெடுநாள் இருந்து போய்ச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். கடைசிவரை தெளிவாக இருந்தாராம். சொந்தக்காரர்கள் யாரோ கேசட்டைச் சிவக்குமாரிடம் கொடுத்திருக்கிறார்கள். அப்படித்தான் அது நவீனின் அட்டைப்பெட்டிக்கு வந்திருக்க வேண்டும்.

டீ வந்தது. பெட்டியில் தேடியதில் சிவக்குமாரின் காப்பியும் கிடைத்தது. நல்ல டேப் ரிக்கார்டர் இரண்டை எடுத்து, பெல்ட் பார்த்து, ஹெட்டைத் துடைத்தேன். முதலில் காப்பியைப் போட்டோம். பெனி ஐந்து தடவை பேசினான். ஐந்தாவது மெஷினில் ஏறி, திரையில் பரிசல் வந்ததும் பிள்ளைகள் எல்லாரும் ஓடிவந்துவிட்டார்கள்.

"இப்ப அந்த ஒரிஜினலைப் போடுங்க ஆன்ட்டி" என்றான் நவீன்.

கூட்டத்தில் போட எனக்கு மனமில்லை. ஹெட்போன் இரண்டை மாட்டி, அவனும் நானும் மட்டும் கேட்டோம். நான் நினைத்தபடிதான் இருந்தது. ஒண்ணு இல்லை, ரெண்டு இல்லை, அலறல் எங்கேயும் இல்லை. எல்லாவற்றின் மேலும் தெரசம்மா, வயதாகி உடைந்த குரலில். புளி உலுக்கினார்களாம். பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டி வளர்ந்து ஈன்றுவிட்டதாம். கோயில் மணிக்குக் கயிறு மாற்றினார்களாம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு இடைவெளி, வெறும் இரைச்சல். பிறகு "ம்" என்பார், அல்லது "அப்பிடியா" என்பார்.

"அவன் கொரல் இருந்த எடத்தையெல்லாம் காலியா வுட்டிருக்காங்க" என்றான் நவீன் மெதுவாக.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பழக்கப்பட்ட பதிலுக்கு, பழக்கப்பட்ட இடைவெளி. ஆனால் ரிப்பேர்க்காரியின் காது சும்மா இருக்காதே. இரண்டாவது ரிக்கார்டரில் காப்பியைப் போட்டு ஒத்துப் பார்த்தேன். பெனி சொன்ன வார்த்தைகள் எல்லாம் சின்னவை, மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடுபவை. இந்த இடைவெளிகள் அப்படி இல்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று ரொம்ப நீளம். இரண்டு இடங்களில் அந்த அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்து, குறுக்கே யாரோ பேசியது போல நிறுத்திக்கொண்டு, காத்திருந்து, பிறகு தொடர்கிறார்.

நவீன் என் கையைப் பிடித்துக்கொண்டான். என் இடது கை ஏற்கனவே முதுகுப் பக்கம் போயிருந்தது.

டேப் ஐந்தாவது இடத்துக்கு வந்தது. "போதும், நிறுத்திடலாம்" என்று பெனி சொன்ன இடம், அந்த அம்மா போடவே மாட்டேன் என்ற இடம். அங்கேயும் அவன் குரல் இல்லை. அதையும் அழித்திருந்தார். மற்ற எல்லாவற்றையும்விட நீளமான இடைவெளி ஒன்று அங்கே ஓடியது. நான் சவுண்டை முழுக்கக் கூட்டினேன். இரைச்சல், தூரத்தில் ஒரு காக்கை, மறுபடி இரைச்சல். ஒன்றுமே இல்லை.

அந்த ஒன்றுமில்லாததின் முடிவில் தெரசம்மா சிரித்தார். வயிறு குலுங்க, மூச்சு வாங்கச் சிரித்தார்.

"அட, போடா" என்றார்.